உதுமாலெவ்வையின் தோணி

கல்முனை பசாரில் உதுமாலெவ்வையின் கடையைத் தெரியாத பெண் இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் இருந்திருக்க முடியாது. ஊசி, நூல், பொத்தான், லேஸ், ரிப்பன், கண்ணுக்கிடும் சுறுமா, கொண்டை ஊசி என்று உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான் அங்கே கிடைக்கும். ஆளும் சின்ன ஆள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவர் நின்றால் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் மட்டும்தான் தெரியுது என்று அவருடைய மனைவி ஸகியாவே சொல்லிச் சிரிப்பாள்.

"கொஞ்சம் பெரிய சாமானும் போட்டு வித்தா என்ன?" என்று யாராவது கேட்டால் அவருக்குப் பதில் தயாராக இருக்கும்.

"பெரிய சாமான் போட்டா ஆம்புளையள் வருவானுகள். வாங்கவும் மாட்டானுகள், போகவும் மாட்டானுகள்."

கடை வைப்பதற்கு முன்னால் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஊசியும் நூலும் விற்றுத் திரிந்தவர் அவர். பிறகு அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து ஸகியாவின் வீட்டுக்குக் குடிபோனார். மாமனார் பார்த்துப் பிடித்துக் கொடுத்த கடைதான் இது. சைக்கிளைவிட ஒரே இடத்தில் நிற்பது சுகமாக இருந்தது. பெண்கள் வந்தார்கள், பேசினார்கள், பேரம் பேசினார்கள், சிரித்தார்கள். உதுமாலெவ்வைக்குச் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. மனிதருக்கு நண்பகல் லுஹருக்கு எடுத்த ஒளுவோடு பிற்பகல் அஸரையும் தொழுதுவிட வேண்டும் என்று தீராத ஆசை. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி எடுக்கும் ஒளு, அன்னியப் பெண்ணின் கை பட்டால் முறிந்துவிடும் என்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். கட்டிய மனைவியின் கை பட்டாலும் அதே கதைதான். உதுமாலெவ்வையோ நாள் முழுக்கப் பெண்களுக்கு மிச்சக் காசு கொடுக்கிறவர். ஐந்து சதத்தை எவ்வளவு பதனமாக நீட்டினாலும் எங்கோ ஒரு விரல் நுனி பட்டுவிடும். உடனே பக்கத்துக் கடைக்காரரிடம் "ஒருக்காப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்கு நடையைக் கட்டுவார். திரும்பி வந்தால் இன்னொரு விரல் காத்திருக்கும்.

மேலேயிருந்து கைக்குள் காசைப் போட்டுப் பார்த்தார். அந்த நாட்களில் புழங்கிய அலுமினியச் சதம் கனமில்லாதது. துள்ளிப் போய் வடிகானுக்குள் விழுந்தது. வயதானவர்கள் குனிந்து தேட வேண்டி வந்து வாயில் வந்தபடி ஏசினார்கள். கண்ணாடியின் மேல் வைத்துத் தள்ளிப் பார்த்தார். வழுவழுப்பான கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட காசை நகத்தால் கிளப்ப முடியாமல் பெண்கள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில் நேசராசாவிடம் போனார். கல்முனையில் மேசை, அலுமாரி செய்கிற மெதடிஸ்ட் தச்சன் அவர். அலுமாரி செய்கிறவருக்குச் சின்ன வேலை என்றால் அலுப்பு வரும். நேசராசாவுக்கோ அன்றைக்குப் பாயசம் கிடைத்த மாதிரி இருந்தது. முதிரை மரத் துண்டொன்றை எடுத்து நடுவில் குழிவாகத் தோண்டினார். குழியின் ஒரு பக்கச் சுவரை மெல்லச் சரித்துவிட்டார். காசை விரலால் சரிவில் இழுத்தால் தானாகக் கைக்குள் ஏறிவிடும். பக்கத்தில் பொத்தானுக்கும் ஊசிக்கும் இன்னொரு சின்னக் குழி. அடியில் நீளப் பள்ளமாகத் தவாளிப்பு வெட்டி, கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு சட்டங்களை அறைந்து, அந்தத் துண்டை அதன்மேல் ஏற்றினார். இந்தப் பக்கமிருந்து தள்ளினால் அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து தள்ளினால் இங்கே வரும்.

"தோணி மாதிரிப் போகுது காக்கா," என்றார் நேசராசா, அண்ணனைக் கூப்பிடும் முஸ்லிம் வழக்கில். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தோணி வந்த பிறகு கடையில் ஒரே கலகலப்பு. ஒரு ஊக்கு வாங்க வந்தவர்களும் தோணியைத் தள்ளிப் பார்ப்பதற்காக இன்னொரு ஊக்கு வாங்கினார்கள். "லெவ்வைக் காக்கா, உங்கட தோணி கரைக்கு வந்திட்டு" என்று சத்தம் வரும். இவர் உள்ளேயிருந்து "இந்தா, மீனோட அனுப்புறன்" என்று பொத்தானை வைத்துத் தள்ளுவார். லுஹர் ஒளு அஸருக்கும் நின்றது. சில நாட்களில் அந்தி மஃரிபுக்கும் நின்றது. வீட்டுக்குப் போனால் ஸகியா வேண்டுமென்றே விரலால் அவர் முழங்கையைத் தொட்டுவிட்டு, "இஞ்ச தோணி இல்ல," என்று ஓடுவாள். கோபிப்பதுபோல் காட்டிக்கொண்டு அவர் கிணற்றடிக்குப் போவார்.

நல்ல மனிதர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தம் மனதில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். தோணி எதற்கு என்று உதுமாலெவ்வை யாருக்கும் சொல்லவில்லை. கடைக்கு வந்த முஸ்லிம் பெண்களுக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. பார்த்ததும் விளங்கிச் சிரித்துவிட்டார்கள். ஆனால் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் இல்லையே.

சொறிக்கல்முனை றஞ்சிதமலர், உதுமாலெவ்வைக்கு மலரக்கா, சனிக்கிழமைகளில் வருவார். கத்தோலிக்கர், தையல்காரி, உதுமாலெவ்வையைவிட நாலைந்து வயது மூத்தவர். உதுமாலெவ்வை தகரப் பெட்டியோடு சைக்கிளில் திரிந்த காலத்தில் அந்த ஊருக்குள் அவரைக் கூப்பிட்டு முதன்முதல் நூல்கட்டை வாங்கியவர் அவர்தான். "தம்பிட நூல் அறாது" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவரும் அவர்தான். உதுமாலெவ்வையின் வியாபாரத்துக்கு அடிக்கல் யார் நாட்டியது என்று கேட்டால், மாமனாருக்கு முன்னால் அவர் மலரக்காவின் பெயரைத்தான் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமை மலரக்கா பொத்தான் தெரிந்தெடுத்து, காசைக் கொடுக்க வழக்கம்போல் கையை நீட்டினார். உதுமாலெவ்வைக்குத் தன் புதுச் சாமானைக் காட்டுகிற பெருமை தாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இனிக் கையில வாங்கிறல்ல மலரக்கா. இதில வைங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கிக் காசைக் குழிக்குள் வைத்தது. மிச்சக் காசு தோணியில் திரும்பி வந்ததும் எடுத்துக்கொண்டு, மலரக்கா விறுவிறென்று படியிறங்கிப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாக்கும் என்று உதுமாலெவ்வை நினைத்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்த லேஸ் சுருள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் நேசராசாதான். அவருடைய மனைவி சொறிக்கல்முனைக்காரி.

"மலரக்கா இப்ப அக்கரைப்பற்றுக்குப் போய்த்தான் நூல் வாங்கிறாவாம் காக்கா."

"என்னத்துக்கு? அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போகோணுமே."

நேசராசா உளியின் பிடியைத் தடவினார். "தன்ட கையத் தொடக் கூடாதெண்டு பலகை செஞ்சு வெச்சிரிக்கிறீங்கெண்டு நினைக்கிறா. செஞ்ச ஆள் நானெண்டு தெரிஞ்ச நாள் தொட்டு என்னோடயும் கதை இல்ல."

"அது ஒளுவுக்கு."

"எனக்குத் தெரியும் காக்கா. அவவுக்கு ஆர் சொன்ன?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தான் சிரித்துக்கொண்டு நின்ற நிலை உதுமாலெவ்வையின் கண்ணுக்குள் வந்தது. வெட்கம் காதுவரைக்கும் ஏறியது. அன்றைக்கு லுஹரைத் தொழுதுவிட்டுக் கடையைப் பூட்டினார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குள் போகவில்லை. ஸகியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்பவே போங்க," என்றாள் அவள். "ஒளுவக் காப்பாத்தப் போய் ஒரு மனிசிய நோகடிச்சிட்டு வந்திரிக்கீங்க."

"அந்த லேஸ் சுருளைக் கொண்டு குடுப்பமா?"

"லேஸக் குடுத்தா, யாவாரம் குறைஞ்சுபோச்செண்டு வந்த மாதிரி இரிக்கும். கைய வீசிக்கிட்டுப் போங்க."

சைக்கிளில் வழியிலுள்ள கிட்டங்கியைக் கடந்து வயல்வெளிக்குள் இறங்கும்போது கதிர் பால் பிடித்திருந்தது. வேறு நாளென்றால் இறங்கி நின்று பார்த்திருப்பார். அன்றைக்குப் பெடலை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். எப்படிச் சொல்வது என்று வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தவை எல்லாம் சொறிக்கல்முனைக் கோயில் மணிக்கூண்டைக் கண்டதும் மறந்து போயின.

மலரக்கா தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கப் போகிற ஒரு பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு எழும்பினார்.

"வாங்க முதலாளி."

தம்பி என்று கூப்பிட்ட வாய் அது. உதுமாலெவ்வை கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மலரக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு, கிளாஸை அதன்மேல் வைத்தார்.

"எடுத்துக் குடிங்க. எங்கட வீட்டில தோணி இல்ல."

சூடு பார்க்காமல் குடித்ததில் உதுமாலெவ்வைக்கு நாக்கு வெந்துபோனது. பிறகு தலையும் வாலும் இல்லாமல் சொல்லத் தொடங்கினார். ஒளு என்றார், பள்ளிவாசல் தொட்டி என்றார், அலுமினியச் சதம் வடிகானுக்குள் போனது என்றார். மலரக்காவின் முகம் அசையவில்லை.

"ஆரிட கை பட்டாலும் போயிரும் மலரக்கா. மௌலவிட பொண்டாட்டி பட்டாலும் போயிரும். என்ட பொண்டாட்டி பட்டாலும் போயிரும். அவ அதத் தெரிஞ்சுகொண்டு நெடுகவும் என்னத் தொட்டிட்டு ஓடுறா."

மலரக்காவின் உதடு கொஞ்சம் கோணியது. "கட்டின பொண்டாட்டி தொட்டாலுமா?"

"ஓம். அல்லாஹ் அறிய."

மலரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்தபோது கண் நனைந்திருந்தது.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள அப்பாவோட ஒரு கடைக்குப் போவன். எங்கட தமிழாக்கள்ர கடைதான், ஆனா எங்கட சாதியாக்கள்ர கை படப்படாது. 'காசைப் பலகையில வை' எண்டுவான் கடைக்காரன். அப்பா வெச்சிட்டுக் கையக் கட்டிக்கொண்டு தள்ளி நிப்பார். தம்பிட கடையிலதான் நான் கைய நீட்டிக் காசு வாங்கின. அண்டைக்கு நீங்களும் பலகையக் காட்டின உடனே, எனக்கு அப்பாட மூஞ்சிதான் வந்த."

ஊசியும் நூலும் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு எதையும் கொடுத்ததாக உதுமாலெவ்வை அதுவரை நினைத்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். பிறகு வெறும் கிளாஸை எடுத்து நீட்டினார்.

மலரக்கா ஸ்டூலைக் காட்டினார். "அதில வைங்க."

"கையில வாங்குங்க."

"ஒளு இல்லையா இப்ப?"

"இரிக்கி. அஸருக்கெண்டு வெச்சிரிக்கன்."

"பட்டாப் போயிருமே தம்பி."

"போகட்டும். உங்கட கிணத்தில தண்ணி இல்லையா?"

மலரக்கா அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கிளாஸை வாங்கினார். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன அந்த விரல்கள் அவர் விரல்களில் நன்றாகவே பட்டன. உதுமாலெவ்வை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அஸருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மலரக்கா கிணற்றடிக்கு முன்னால் நடந்து, தானே வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளினார். வாங்கப் போனவரைக் கண்ணாலேயே நிறுத்தினார்.

"கிட்ட வராதீங்க. இன்னொருக்காப் பட்டா மறுகாவும் அள்ளோணும்."

நிறைந்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். உதுமாலெவ்வை சட்டைக் கையைச் சுருட்டி, இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி, முகத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். மலரக்கா கையை நீட்டி அவளை மறித்தார்.

"பொறு பிள்ள. தம்பி ஒளு எடுக்கிறார். முடியும் மட்டும் ஆரும் கிட்டப் போகப்படாது."