ஊருக்குப் போவதாகச் சொன்ன பிரின்சிபால்

துபாயில் அல் குசைஸ் பக்கம் ஒரு சர்வதேசப் பள்ளியில் ஆறு வருடம் லேப் அசிஸ்டன்டாக இருந்தேன். டீச்சர்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்துக்காரர்கள். பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள். பீக்கர் கழுவுவது, ஆசிட் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவது, பரிசோதனைக்கு வேண்டியதை மேஜை மேஜையாக எடுத்து வைப்பது, இதுதான் என் வேலை. விலங்கியல் படித்தவள் என்று தெரிந்ததும், வகுப்புகளில் வளர்த்த பிராணிகளைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு முயல், இரண்டு ஆமைகள், மீன்தொட்டிகள், லேபில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய, காய்ந்த சுள்ளி போலவே இருக்கும் குச்சிப்பூச்சிகள். பயாலஜி சார் அவற்றின் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்திருந்தார்.

டிசம்பர் பிறந்துவிட்டால் பள்ளிக்கே வேறு முகம் வந்துவிடும். வாசல் ஹாலில் கூரையைத் தொடும் பிளாஸ்டிக் மரம் நிற்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகத்துக்காகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இடையர்களாக வராந்தாவில் ஓடுவார்கள். பெற்றோர் சேர்ந்து நடத்தும் சந்தையில் ஒவ்வொரு நாட்டுத் தாய்மாரும் ஒரு கடை போடுவார்கள். நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, பிறந்ததிலிருந்து கத்தோலிக்கப் பெண். அது அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு வருடம் ஒரு இளம் டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிறிஸ்துமஸ் என்றால் என்ன, எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று பொறுமையாக விளக்கினாள். இடையில் வெட்ட மனமில்லாமல் கடைசிவரை கேட்டேன்.

நான் சொல்ல வந்தது மெட்ரோ ரயில் ஓடத் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது. என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில், ஃபஹாஹீலில், எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்த வேலையில் டெக்னீஷியனாக இருந்தார். எங்கள் மகள் ஊரில் என் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். மூன்று பேருக்கு மூன்று ஊர். கோடை லீவில் நான் ஊருக்குப் போய் வந்துவிட்டதால், கிறிஸ்துமஸுக்கு அவர் துபாய்க்கு வருவதாக ஏற்பாடு. என்னோடு ரூமில் இருந்த இரண்டு மலையாளி டீச்சர்களும் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, அவர் வருகிறாரே என்று ரூமைக் கழுவித் துடைத்து, புது விரிப்பு விரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவர் போன் செய்தார். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிறார்களாம், எல்லோருடைய லீவும் ரத்து. குரலில் அழுகை இருந்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். கவலைப்படாதீர்கள், இங்கே ரூமில் எல்லோரும் இருக்கிறார்கள், பிரியாணி செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. சொன்ன பிறகு அதை மாற்றவும் முடியவில்லை.

விடுமுறையில் பிராணிகளுக்குத் தீனி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நானே வருகிறேன் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கடிதம் ஒட்டியிருந்தார்கள். முயலுக்குக் கேரட்டைவிடக் கேரட் இலைதான் பிடிக்கும், ஆமைக்குத் தினமும் குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்று. பூச்சிகளுக்கு ரோஜா இலை பறித்துப் போட வேண்டும். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போவேன். கேட்டில் நேபாளத்து வாட்ச்மேன் மட்டும் இருப்பார். உள்ளே என் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்க எனக்கு முன்னால் போகும். அந்த ஒரு வாரத்தில் நான் வாய் திறந்து பேசியது பெரும்பாலும் முயலிடம்தான். தமிழில்தான் பேசினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை தமிழ்ப் பூசைக்குப் போனேன். கோவிலுக்குள் இடமில்லை. கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம், குழந்தைகள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை. பூசை முடிந்து எல்லோரும் கையைக் கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் என் கையைப் பிடித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போனபோது பிரின்சிபாலின் வெள்ளைக் கார் நின்றது. எங்கள் பிரின்சிபால் அறுபதை நெருங்கிய இங்கிலாந்துப் பெண்மணி. எப்போதும் இஸ்திரி கலையாத கோட்டு, கழுத்தில் முத்துமாலை. விடுமுறை தொடங்கும் முன் எல்லோருக்கும் அனுப்பிய கடிதத்தில், மகள் வீட்டுக்குப் போகிறேன், பனியைப் பார்க்கக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். காரை விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து, முயலின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். கெட்டில் சூடாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் அவர். வீட்டில் போடுகிற கால்சட்டை, பழைய கம்பளிச் சட்டை, சீவாத தலை. இருவருமே பயந்துவிட்டோம்.

முதலில் அவர்தான் பேசினார். சில பேப்பர்களை எடுக்க வந்தாராம், விமானம் நாளைக்குத்தானாம். நான் மெரி கிறிஸ்துமஸ் சொன்னேன். அவரும் சொன்னார். டீ போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளும் கார் நின்றது. அதற்கு மறுநாளும். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, மேடம் தினமும் காலையில் வந்து மாலையில் போகிறார் என்று இந்தியில் சொன்னார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்குப் பெரிய வேலை என்று நினைத்திருப்பார்.

மூன்றாம் நாள் நான் லேபில் குச்சிப்பூச்சிகளுக்கு ரோஜா இலை மாற்றிக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் கதவைத் தட்டினார். தன் பள்ளியில் தானே கதவைத் தட்டி நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. முயலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உட்காரச் சொல்லி, முயலை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். வெகுநேரம் அதன் காதையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, முயலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"நான் போகவில்லை. போகப்போவதும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே புரிந்துகொண்டிருப்பீர்கள்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவராகவே மெதுவாகச் சொன்னார். விவாகரத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அவருடைய முன்னாள் கணவர் புது மனைவியோடு இந்த வருடம் மகள் வீட்டுக்கு வருகிறார். கடிதம் அனுப்பிய பிறகுதான் மகள் போனில் அதைச் சொன்னாள்.

"வராதே என்று அவள் சொல்லவில்லை. அப்பா வருகிறார் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது."

டிக்கெட்டை ரத்து செய்தவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு விருந்துக்குக் கூப்பிடுவார்கள், மேஜைக் கோடியில் உட்கார வைத்து இரக்கப்படுவார்கள், ஜனவரியில் பள்ளி முழுக்க அதே பேச்சாக இருக்கும் என்று பயந்தாராம். குடியிருந்த கட்டடத்திலும் டீச்சர்கள் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் ஊருக்குப் போகவில்லை. அவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்.

நானும் என் கதையைச் சொன்னேன். வீட்டுக்காரர் வராமல் போனது, இல்லாத பிரியாணி எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, அந்தப் பிரியாணி எப்படி இருந்ததாகச் சொன்னீர்கள் என்றார். உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அதிலிருந்து பள்ளி திறக்கும்வரை பத்து நாள் மதியம் சேர்ந்தே சாப்பிட்டோம். நான் சோறும் மீன்குழம்பும் கொண்டு போவேன். எங்கள் ஊர்க் குழம்பு, தேங்காய் அரைத்தது. காரத்தில் அவருக்கு மூக்கு ஒழுகும், ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்பார். அவர் டின்னில் அடைத்த, உலர்பழம் போட்ட கிறிஸ்துமஸ் புட்டிங் கொண்டு வந்தார். ஆமைத்தொட்டியைக் கையில் உறை போட்டுக்கொண்டு அவரே தேய்த்துக் கழுவினார். குச்சிப்பூச்சிகளைப் பற்றிக் கேட்டார். இவை எல்லாமே பெண்கள், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், உண்மையில் இவற்றின் பூர்வீகம் எங்கள் தமிழ்நாட்டு மலைகள்தான், இங்கிலாந்து போய் அங்கிருந்து துபாய் வந்திருக்கின்றன என்று சொன்னேன். அதைக் கேட்டுக் கண்ணாடியை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் என் மகள் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். பாதியில் நிறுத்திக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசி நாள் கிளம்பும்போது, இது நமக்குள் இருக்கட்டும் என்றார். கண்டிப்பாக மேடம் என்றேன்.

பள்ளி திறந்த முதல் நாள் அசெம்பிளியில் பிரின்சிபால் மேடையேறினார். அதே கோட்டு, அதே முத்துமாலை. பிள்ளைகளிடம் தன் விடுமுறையைப் பற்றிச் சொன்னார். காலையில் எழுந்து பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளை, மகள் வீட்டு நாய் பனியில் புதைந்து புதைந்து ஓடியது என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் லேப் கோட்டோடு ஹாலின் பின்கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அவர் கண் ஹால் முழுக்கப் போய் வந்தது, நான் நின்ற மூலைக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த நாய்க்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்.

அதன் பிறகு வராந்தாவில் எதிர்ப்பட்டால் எல்லோருக்கும் சொல்லும் அதே குட் மார்னிங் எனக்கும் சொன்னார். நான் வேறு எதையோ எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதல் வாரம் ஒரு டப்பாவில் மீன்குழம்பு எடுத்துப்போய் அவருடைய செக்ரட்டரியிடம் கொடுத்தேன். அவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. மேடம் நன்றி சொல்லச் சொன்னார் என்றாள். சாப்பிட்டாரா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிட்டேன். இனி எதுவும் கொண்டு போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ரூம்மேட்கள் திரும்பி வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் வராததற்காக என்னைத் தேற்றினார்கள். பக்கத்தில் ஆள் இருந்தும், ஆளில்லாத பள்ளியில் இருந்த அந்தப் பத்து நாளைத்தான் மனசு தேடியது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது.

மார்ச்சில் மகளுக்கு மஞ்சள் காமாலை என்று அக்கா போன் செய்தாள். அவசர லீவுக்குப் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும். அறைக்குப் போய் நின்றேன். படித்தார், ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார், எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சொல்லித் திரும்பியபோது, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். பேனாவை மூடினார், திறந்தார்.

"உங்கள் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா?"

"இல்லை, மேடம்."

"நானும் என் மகளிடம் சொல்லவில்லை. நண்பர்கள் வீட்டில் இருந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மேஜையில் போன் அடித்தது. எடுத்துப் பேசத் தொடங்கியதும் பழைய பிரின்சிபாலாகிவிட்டார். போகலாம் என்று கையால் காட்டினார். அவ்வளவுதான்.

ஜூனில் ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் நீண்ட வரிசை நின்றது. நானும் நின்று கைகொடுத்தேன். பின்னால் ஆட்கள் இருந்தார்கள். முகவரி நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பே, மகள் தேறி நான் துபாய் திரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணி இல்லை, ரூமில் யாரும் இல்லை, கிறிஸ்துமஸ் அன்றைக்கு முயலுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து பழைய சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டேன் என்று. பிரின்சிபாலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கு அங்க ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டிய."

போன் கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அந்த ஒரு நிமிடமும் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம்.