இருபத்து மூன்று வயதுக் கிழவர்

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. மேற்குத் தாம்பரத்தில், ஆபீஸ் விட்டு வரும் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்தினோம். எனக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. அதனால் பிராம்ப்டர் வேலை. பக்கத் திரைக்குப் பின்னால் வசன நோட்டோடு நின்று, யாராவது மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் குழுவின் கிழவருக்கு வயது இருபத்து மூன்று. பொழிச்சலூர்க்காரன், என் நெருங்கிய நண்பன். கதாநாயகன் வேஷம் கொடுத்தாலும் வேண்டாம் என்று வயதானவர் வேஷத்தையே கேட்டு வாங்குவான். ஒத்திகைக்கு முன்னால் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ரயிலிலிருந்து இறங்கும் பெரியவர்களையே பார்த்துக்கொண்டிருப்பான். "அவரைப் பாரு மச்சான், வலது முட்டிலதான் வலி" என்பான். எனக்கு எல்லா முட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அன்று குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம். முன் வரிசையில் சிட்டியிலிருந்து வந்த ஒரு சபா செயலாளர். அவருக்குப் பிடித்துவிட்டால் எங்களுக்கு சிட்டியில் மேடை கிடைக்கும். கடைசிக் காட்சியில் மகன் கேட்கிறான்: "எங்ககூடவே வந்து இருந்துடுங்களேம்பா." ஒத்திகையில் உடனே பதில் சொன்னவன், அன்று பேசாமல் நின்றான். போச்சு, மறந்துவிட்டான் என்று பதறி, நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மேலே தொங்கிய மைக்கை மறந்துவிட்டேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு கிளம்பியது.

அவன் மெல்ல என் பக்கம் திரும்பி, காதில் கையை வைத்தான். "யாருப்பா அது? சத்தமா சொல்லு, காது சரியா கேக்கல."

கைதட்டல்! அது அடங்கும்வரை காத்திருந்து, மகனைப் பார்த்து, "இந்த வயசுல எனக்கு எதுக்குடா புது வீடு?" என்றான். ஒருவரும் அசையவில்லை. சபா மேடையும் கிடைத்தது.

நாடகம் முடிந்து, அவன் தலையில் இருந்த வெள்ளைப் பவுடரைக்கூடத் துடைக்காமல் டீக்கடைக்குப் போனோம். "இன்னா பெருசு, சக்கரை போடலாமா?" என்று கடைக்காரர் கேட்டதில் அவனுக்கு ஏக சந்தோஷம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சிரித்தான். "மறக்கல மச்சான். அந்தக் கேள்விக்குப் பெரியவங்க டக்குனு பதில் சொல்ல மாட்டாங்கடா." அன்றே அந்த வசனத்துக்குப் பக்கத்தில் 'வாயைத் திறக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

சிட்டி மேடைக்கு அவன் வரவில்லை. மஞ்சள் காமாலை, பத்தே நாள். வீட்டில் கிடத்தியிருந்தபோது அவன் தலையில் ஒரு நரைகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் உடைந்து அழுதேன்.

இப்போது எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலியும் வலது முட்டியில்தான். போன மாதம் என் மகன், "எங்ககூடவே வந்துடுங்கப்பா" என்றான். பேச வாய் வரவில்லை. "கேக்கறான்ல, பதில் சொல்லுங்க" என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். அந்த இடத்தில் பேச்சு வராது என்று அவன் இருபத்து மூன்று வயதில் கண்டுகொண்டதை, நான் கிழவனாகித்தான் தெரிந்துகொண்டேன்.