முடிவு வரும் என்று சொன்ன அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். "நல்லதா நாலு வரி எழுது சித்தி" என்றார்கள் அக்காவின் பிள்ளைகள். நல்லதுதான் எழுதுகிறேன். நடுவில் கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அக்கா. எட்டாவதோடு படிப்பு நின்றது. மாமா சின்ன வயதிலேயே இறந்துவிட, மீன் கூடையோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் தெருக்களில் விற்று இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்.

அதனால்தான் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒன்று எங்கள் ஊருக்கு வந்தபோது அக்காவைப் பிடித்துக்கொண்டது. கடற்கரை மக்களின் ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் பற்றிய ஆராய்ச்சி. ஊசியைப் பார்த்ததும் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீன் ஏலம் போடும் கொட்டகையில் நாற்காலி போட்டு அக்காதான் முதலில் கையை நீட்டினார். "இன்னாடி பயம்? எறும்பு கடிச்ச மாதிரிதான் கீது. டெஸ்ட் முடிவ அவங்களே வந்து சொல்வாங்க, நான் பொறுப்பு" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் ஊரே ரத்தம் கொடுத்தது.

முடிவு வரவில்லை. அக்கா போன் செய்தால், "ஆராய்ச்சி முடியாம தனித்தனியா சொல்லக்கூடாதும்மா, அது விதி" என்றார்கள். இங்கேயோ குழாயடி, ஏலம், பஸ், எங்கே போனாலும் ஒரே கேள்வி. "இன்னாக்கா, எங்க ரத்தத்த வித்துட்டியா?" குழுவைத் திட்ட அக்காவுக்கு மனசு வரவில்லை. யாருக்கும் பயப்படாத அக்கா, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மணலில் சுற்றிப் போய் பஸ் ஏறினார். நாளாக ஆக அதுவும் நின்றது. வீட்டிலேயே அடைந்து கிடந்தார்.

கால் வீங்கியது. சிறுசேரியில் வேலை பார்க்கும் நான் லீவு போட்டு வந்து, "டாக்டர்ட்ட போலாம் வாக்கா" என்று கெஞ்சினேன். "அடப் போடி. அதான் ரத்தம் பாத்தாங்கல்ல? எதுனா இருந்தா சொல்லாமயா இருப்பாங்க?" என்றார். ஊரில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே நாம் எடுத்துக்கொள்வோம்! கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன.

அதன்பின் டயாலிசிஸ்தான் வாழ்க்கை. செய்தி கேட்டு அந்தக் குழுவின் இளம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து தலை குனிந்து நின்றார். அக்காவின் ரத்தத்தில் கோளாறு இருந்தது அவர்கள் கம்ப்யூட்டரில் எப்போதோ பதிவாகியிருந்ததாம். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தி அடக்கிவிட்டு, "என்னுத விடு டாக்டரம்மா. மத்தவங்களுக்கு எதுனா கீதா? மொதல்ல போய் அவங்களுக்குச் சொல்லு" என்றார்.

மேலே யாரோடு சண்டை போட்டாரோ, டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வந்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து முடிவைச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே நோய், ஆரம்ப நிலை. மாத்திரையிலேயே கட்டுப்பட்டிருக்கிறது. அவள் ஓடிவந்து அழுதபோது, "எதுக்குடி அழுவுற? நான் சொன்ன மாதிரி வந்துட்டாங்கல்ல?" என்று அக்கா சிரித்தார். தெருவில் தலை நிமிர்ந்து போகலாம் என்று ஆனபோது அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

டயாலிசிஸுக்கு ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், கஞ்சி கொண்டுவந்த சுற்றத்தாருக்கும், கடைசிவரை உடனிருந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. டாக்டரம்மாவுக்கும் நன்றி. அவர் வந்ததால் பலர் பிழைத்தார்கள். அந்த முடிவை அன்றே வந்து சொல்லியிருந்தால், இந்த மலரை நாங்கள் அச்சடித்திருக்க மாட்டோம்.