பறி வரி

பறிக்கு வரி என்ற பேச்சு முதன்முதலில் காதில் விழுந்தபோது நான் ஏரித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். பழவேற்காட்டில் படகு இல்லாத வீட்டுப் பெண்கள் இறால் பிடிப்பது அப்படித்தான். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியபடியே நகர வேண்டும். அகப்பட்டதை, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பனையோலைக் கூடையில் போட வேண்டும். அந்தக் கூடைக்குப் பெயர்தான் பறி. அன்றைக்கு எதிர்க்கரையிலிருந்து ஊர்த் தலையாரி படகில் வந்தார். கரைக்குக்கூட வராமல், ஏரியில் இறங்கும் ஒவ்வொரு பறிக்கும் இனி ஊருக்கு வரி கட்ட வேண்டும் என்று படகில் நின்றபடியே சொன்னார். வாயில் பறியோடு இருந்த நாங்கள் எப்படிப் பதில் பேசுவது? என் பக்கத்தில் இருந்த அண்ணி மட்டும் பறியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “யாரைக் கேட்டு?” என்றார்.

“ஊர் பேசி முடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டுத் தலையாரி படகைத் திருப்பினார்.

அண்ணி என் கணவரின் அக்கா. அவருடைய கணவர் மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் குடும்பம் நடந்தது அண்ணியின் பறியில்தான். சுனாமிக்குப் பிறகு கால்வாய்க்கு இந்தப் பக்கம் மேட்டில் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் பழைய ஊரிலிருந்து குடிவந்தவர்கள் நாங்கள். இடம் மாறினோமே தவிர, ஊர் மாறவில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்குக் கேட்கும் தலைக்கட்டு வரியை முணுமுணுக்காமல் கொடுத்துவந்தோம். அம்மன் எங்களுக்கும் அம்மன்தானே. ஆனால் ஊர்க்கூட்டம் நடப்பது அந்தக் கரையில். எங்கள் ஆண்கள் படகேறிப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு, முடிவைக் கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். பெண்களுக்கு எந்தக் கரையிலும் இடம் கிடையாது.

ஏரியில் வலை போடும் உரிமைக்காகப் பக்கத்து ஊரோடு பழைய ஊர் வெகுநாள் வழக்காடியது. ஜெயித்தது உண்மைதான். அதற்குள் ஊர்ப் பெட்டி காலியாகியிருந்தது. அதை நிரப்ப முதலில் தலைக்கட்டு வரி ஏறியது. பிறகு படகு கட்டுவதற்கு ஒரு வரி, வலை காயப்போடுவதற்கு ஒரு வரி. கடைசியில் பறிக்கு. “உங்களுக்கும் சேர்த்துத்தானே வழக்காடுனோம்” என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வெகுகாலம் கழித்து என் மகள் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்தாள். போருக்குச் செலவான பணத்தைத் தேடி இங்கிலாந்து ராஜா அமெரிக்காவில் குடியேறியவர்கள்மேல் வரிமேல் வரி போட்டார், தேயிலை வரியோடு கலகம் மூண்டது என்று வந்தது. அடுப்படியில் நின்ற எனக்கு அதில் எதுவும் புதிதாகப் படவில்லை.

எங்கள் ஆண்கள் வரியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் நினைத்தார்கள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. “வழக்குச் செலவுல பங்கு கேட்டா குடுக்கலாம். இன்னா செலவாச்சுன்னு கேக்க நம்மள உள்ள உடறாங்களா? வாய் தொறக்க உடாத எடத்துக்குக் காசு மட்டும் இன்னாத்துக்கு?” என்றார். மேட்டுப் பெண்கள் யாரும் பறி வரி கொடுக்கவில்லை.

பழைய ஊர் கட்டுப்பாடு போட்டது. ஏலத்தில் எங்கள் மீனை எடுக்கக் கூடாது, ஐஸ் கொடுக்கக் கூடாது, எங்களோடு பேசக் கூடாது, மீறினால் அபராதம். நாங்கள் கூடைகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றோம். வழியிலேயே பாதி இறால் நிறம் மாறிவிடும். அதுவரை சமாதானம் பேசிய ஆண்களும் இதற்குப் பிறகுதான் தனி ஊர் என்று பேச ஆரம்பித்தார்கள். தொடக்கத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் வரியைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கட்டுப்பாடு அண்ணியைத்தான் மோசமாகத் தாக்கியது. அவருடைய ஒரே மகளைப் பழைய ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அனுப்பினால் அபராதம் விழும் என்று புகுந்த வீட்டில் அனுப்பவில்லை. அண்ணி மாலையில் கால்வாய் ஓரம் வந்து நின்று அந்தக் கரையைப் பார்ப்பார். வரியைக் கட்டிவிடலாமே என்று ஒருநாள் நானே சொன்னேன். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

மகளைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்ததும் இருவரும் ஓடினோம். வார்டு வாசல் பெஞ்சில் சம்பந்தியம்மா துணியில் சுற்றிய குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே அவர்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். அண்ணி சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். சம்பந்தியம்மா எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை அண்ணியின் கையில் வைத்தார். அந்த இரண்டு பேரில் ஒருவர், “இன்னாம்மா இது, கட்டுப்பாடு கீதுல்ல?” என்றார். சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பி, “பேசக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு. கொழந்தையக் குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல” என்றார். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சம்பந்தியம்மாவும் பறி எடுத்து ஏரியில் இறங்குகிறவர்தான். அபராதத்தையும் கட்ட மாட்டேன், பறி வரியையும் கட்ட மாட்டேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து அங்கிருந்த மற்றப் பெண்களும் வரி கட்டுவதை நிறுத்தினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பழைய ஊர் வரியையும் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. அதற்குள் நாங்கள் மேட்டில் தனியாக ஓர் அம்மனை வைத்து, எங்களுக்கென்று ஒரு தலைவரையும் தேர்ந்தெடுத்திருந்தோம். வேறோர் ஊர்க் கோயிலில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஏரியில் வலை போடும் நாட்களைப் பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் தனி ஊரானோம்.

எங்கள் சொந்த ஊரின் முதல் கூட்டம் புது அம்மன் முன்னால் கூடியது. கோயிலுக்குக் கூரை போட வேண்டும், கையில் காசில்லை. எங்கள் தலைவர், பறிக்கு ஒரு சின்ன வரி போடலாம் என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். வெளியே நின்றிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து அண்ணி உள்ளே வந்தார். “நைனா, அந்த ஊருக்கு மாட்டேன்னது உங்களுக்கும்தான். எங்கள உக்கார வச்சுக் கேளுங்க, தரோம்” என்றார். தலைவர் அண்ணிக்குச் சித்தப்பா முறை. வாய்க்கு வந்தபடி ஏசினார். அண்ணி இறங்கிவரவில்லை, மற்றப் பெண்களும் இறங்கிவரவில்லை. கோயில் ஒரு கோடை முழுக்கக் கூரையில்லாமலே நின்றது. அடுத்த கூட்டத்துக்கு முன்பு பெண்களுக்கென்று தனியாகப் பாய் விரித்தார்கள்.

அண்ணி இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார். முட்டி வலியால் இப்போது ஏரியில் இறங்குவதில்லை. அவருக்குப் பாய்க்குப் பதில் நாற்காலி போடுகிறார்கள். நான் பழவேற்காடு பஜாரில் டிபன் கடை வைத்துவிட்டதால் எனக்குக் கூட்டத்துக்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. போன மாதம் படகுத்துறைக்குப் படி கட்ட வீட்டுக்கு வீடு வரி போட்டிருப்பதாகத் தெரிந்தது. தீர்மானம் கொண்டுவந்ததே அண்ணிதானாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக அவர் வீட்டுக்குப் போய், “இன்னா அண்ணி, வரி வேணாம்னு ஊரையே பிரிச்சீங்கோ, இப்போ நீங்களே வரி போடறீங்களா?” என்று கேட்டேன்.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“புடிக்கலன்னா ஞாயித்துக்கெழம வந்து சொல்லு. உக்கார எடம் கீது.”