அலுமாரிக்குள் எரிந்த பச்சை வெளிச்சம்

நான் காத்தான்குடியில் இருக்கிறேன், கணவர் கத்தாரில். எங்கள் குடும்பக் கல்யாண வீடியோக்கள் முழுவதும் ஹோலில் உள்ள சிறிய கம்பியூட்டரில் இருக்கின்றன. அவற்றைக் கத்தாரிலிருந்து பார்ப்பதற்கு ‘டனல்’ என்றோர் இணைப்புப் போட வேண்டுமாம். நாட்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் எது லேசோ அதையே பிடித்தார். விலாசம் தெரிந்தால் போதும், பாஸ்வேர்ட் கேட்காது. அந்த விலாசத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அங்கிருந்து அது யார் யாருக்கோ போயிருக்கிறது.

ஒரு நாள் காலை தங்கை அழைத்து அழுதாள். “ராத்தா, என்ட மருதோண்டி வீடியோ ஒழுங்கைப் பொடியன்மார்ர போன்ல ஓடுதாம்!”

கல்யாணத்துக்கு மருதாணி போட்ட இரவில் பெண்கள் மட்டும் கூடி, முக்காடில்லாமல் ஆடிப் பாடிய வீடியோ அது.

கணவர் போனை எடுக்கவில்லை. கம்பியூட்டரோ கண்ணாடி அலுமாரிக்குள். பிள்ளைகள் தொடக்கூடாதென்று பூட்டி, திறப்பையும் கத்தாருக்கே கொண்டுபோய்விட்டார். மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபேன் நின்றது, கம்பியூட்டரின் பச்சை வெளிச்சம் நிற்கவில்லை. உள்ளே அதற்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் பெட்டரியும் வைத்திருக்கிறார்! என் வீட்டுக்குள்ளேயே, யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பிறகு உலக்கையை எடுத்தேன். உடைத்து, வயர்களைப் பிடுங்கினேன்.

“கண்ணாடிய ஏன் உடைச்ச?” என்றார், பின்னேரம் அழைத்து நடந்ததைக் கேட்டவர்.

“திறப்பு உங்கட கையில. வீடியோ ஊராக்கள்ர கையில. எனக்கிட்ட உலக்கைதான் இருந்திச்சு.”

இப்போது நாங்கள் பதிந்த போன்களுக்கு மட்டும் திறக்கும் டனல் போட்டிருக்கிறோம். பெண்கள் பகுதி வீடியோக்கள் அதில் இல்லை. அலுமாரிக்குப் புதுக் கண்ணாடி போட நான் விடவும் இல்லை.