இயக்குநரை மறித்த ரைட் பேக்

பஸ்ஸில் யாரோ முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஏறியிருந்தார். கற்பூரத்தோடு மிளகாயை அரைத்தது போல ஒரு காரம். அவ்வளவுதான், என் மூக்குக்குள் ஓர் அணியே இறங்கிவிட்டது. தொப்பை, வழுக்கை, பிபி மாத்திரை, இரவல் பூட்ஸ். எங்கள் அலுவலகத்து ஊழியர் கால்பந்து அணி. வருடம் ஒருமுறை அதிகாரிகள் அணியோடு மோதுவோம். மோதுவோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தோற்போம்.

நான் கோல்கீப்பர். ஓட முடியாதவனை வேறெங்கே நிறுத்துவார்கள்? ஆனால் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று நான் ஒரு கல்வி கற்றேன். எல்லோரும் மனிதர்களை முகம் பார்த்துப் படிக்கிறார்கள், நான் முதுகு பார்த்துப் படித்தவன். முகத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கம் உண்டு. முதுகு பாவம், சட்டை நனைந்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடும்.

என் முன்னால் இரண்டு முதுகுகள், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கும் இரண்டு பேக்குகள். இடது பேக் எங்கள் ஜீப் டிரைவர். அவன் முதுகே காலரைத் தூக்கிவிட்டு நிற்கும். "எவன் வேணா வரட்டும்ணே, என்னத் தாண்டி ஒரு ஈ போவாது" என்பான். ஈ போனதில்லை, உண்மை. பந்து போகும். போன பந்தை நான் வலைக்குள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே அதே வசனத்தைத் திரும்பச் சொல்வான். தன் தோல்வியை ஒரு நிமிடத்தில் மறந்துவிடும் வரம் பெற்றவன். அடுத்த பந்துக்கு முதல் பந்தைப் போலவே பாய்வான்.

வலது பேக் என் நண்பன், மேல்நிலை எழுத்தர். எங்களில் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "நல்லா ஆடனய்யா" என்று யாராவது சொன்னால், "காத்து நம்ம பக்கம் அடிச்சிது" என்பான். பந்தைப் பறித்த பிறகு எதிராளியின் தோளைத் தொட்டு, "அடி கிடி படலியே?" என்று விசாரிப்பான். பறிகொடுத்தவனுக்கே அவன் மேல் கோபம் வராது.

பேக்குக்கு எது வேண்டும், திமிரா அடக்கமா? கேன்டீனில் இதை வருடக் கணக்காக மென்றோம். நான் கவிதை எழுதுகிறவன் என்பதால் அடக்கத்தின் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்தார்கள். கவிதை எழுதுகிறவனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் டிரைவர் கட்சி. தன்னை யாரும் தாண்ட முடியாது என்று நம்பாதவன் எதற்குக் காலை நீட்ட வேண்டும், வழிவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டுப் போகலாமே என்று வாதாடினேன். அந்த வருடம் என் நண்பன் அதைத்தான் செய்தான், வழக்கத்தைவிடத் தாராளமாக.

காரணம் ஒரு கோப்பு. புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவன் தலைக்கு மேல் எப்போதும் ஒரு வரைபடம் தொங்கும். காரைக்கால் என்றால் பரவாயில்லை, பஸ் ஏறினால் வீடு. ஏனாம் என்றால் ஆந்திரத்துக்குள், கோதாவரிக் கரையில், தெலுங்கில். என் நண்பனை ஏனாமுக்கு மாற்றும் கோப்பு இயக்குநர் மேசையில் இருந்தது. மகள் ப்ளஸ் டூ. மனைவிக்கு இங்கே தனியார் பள்ளியில் வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது. ஒரு கையெழுத்து விழுந்தால் குடும்பம் இரண்டாகும்.

கையெழுத்துப் போடவேண்டிய இயக்குநர்தான் அதிகாரிகள் அணியின் லெஃப்ட் விங், இடது ஓரமாகப் பந்தோடு ஓடி வருபவர். அதாவது, ஆட்டம் முழுக்க என் நண்பன் மறிக்கவேண்டிய ஆள்.

அவர் பந்தோடு வந்தால் எங்கள் பேக்குகள் எல்லோரும் கதவாகிவிடுவார்கள், தானாகத் திறக்கும் கதவு. வருடா வருடம் அந்த வழியாகவே போய் வந்ததில் மனிதர் தன்னை மின்னல் என்று நம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அடக்கத்தையெல்லாம் செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டிய தன்னம்பிக்கை அது.

உப்பளத்துப் பக்கம் ஒரு மைதானம். புல்லைவிட மண் அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடல் காற்று பிசுபிசுத்தது. நடுவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பென்ஷன் பாரிசிலிருந்து வருவதால் இந்த ஊரில் எந்த இயக்குநருக்கும் அவர் பயப்படத் தேவையில்லை.

ஆட்டம் தொடங்கியது. இயக்குநர் பந்தோடு வந்தார். என் நண்பனின் முதுகு வளைந்ததை நான் பார்த்தேன். கையெழுத்துக்குக் கோப்பு நீட்டும்போது வளையும் அதே வளைவு. பந்து அவன் காலுக்கு எட்டும் தூரத்தில் உருண்டு போனது. கால் போகவில்லை. முதல் கோல்.

"இன்னாய்யா, ரிசப்ஷன்ல நிக்கிற மாதிரி நிக்கற? பன்னீர் தெளிக்க வேண்டியதுதான பாக்கி!" என்று கத்தினேன்.

"சார் வேகமா வந்துட்டாருய்யா."

"சாரா? சார் வந்த வேகத்துக்கு பக்கத்துல பால்கார அம்மா நடந்துபோனா அவங்களே ஜெயிச்சிருப்பாங்க."

இரண்டாவது கோலுக்கு அவன் ஒதுங்கியதோடு நிற்காமல் லேசாகச் சிரித்தும் வைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இனிமேல் கத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் ஆடிக்கொண்டிருந்தது கால்பந்து இல்லை, மகளின் ப்ளஸ் டூ.

இடைவேளை. எலுமிச்சை ஜூஸ் டம்ளரோடு டிரைவர் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தான். காலர் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வெள்ளிக்கெழமையே கையெழுத்தாயிடுச்சி. நான்தான் வண்டில எடுத்துட்டுப் போயி செக்ரட்டேரியட்ல குடுத்தேன்."

நண்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்க? ஏனாமா?"

"ஏனாம்தான். மேட்ச் முடிஞ்சி சொல்லலாம்னு இருந்தேண்ணே. நீ ஆடற ஆட்டத்தப் பாத்தா வயிறு எரியுது."

நண்பன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். "அப்ப இவ்ளோ நேரம் நான் எதுக்குய்யா குனிஞ்சிகிட்டு நின்னேன்?" என்று கேட்டான். எங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் என் முன்னால் வேறொரு முதுகு நின்றது. இயக்குநர் வந்தார், வழக்கமான வழி திறந்திருக்கும் என்ற நிம்மதியோடு. "எக்ஸ்க்யூஸ் மீ சார்" என்றான் நண்பன். பந்து இவனிடம் இருந்தது, இயக்குநர் மண்ணில் இருந்தார். அவர் கையைத் தூக்கி நடுவரைப் பார்த்தார். பெரியவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ழுவே, ழுவே" என்று பிரெஞ்சில் ஆடச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு மனிதர் எத்தனை முறை வந்தாலும் அதே மரியாதை, அதே பறிப்பு. "சாரி சார்." பந்து போச்சு. "பாத்து சார், கல்லு இருக்கு." பந்து போச்சு. குரலில் பணிவு துளி குறையவில்லை, கால்களில் தயவு துளியும் இல்லை. கேன்டீனில் நாங்கள் பிளந்துபோட்டு வாதாடிய இரண்டும் ஓர் உடம்பில் முட்டாமல் மோதாமல் ஓடிக்கொண்டிருந்தன. என் கட்சி என்னவாயிற்று என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு வேலை இல்லை.

நாங்கள் ஒன்று திருப்பினோம். இரண்டுக்கு ஒன்று, தோல்வி.

முடிந்ததும் இயக்குநர் மூச்சு வாங்கியபடி நேராக வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் எங்களால் படிக்க முடியாத ஏதோ ஒன்று.

"ஏன்யா, ஃபர்ஸ்ட் ஆஃப்ல எங்கய்யா போயிருந்த நீ?"

"ஆபீஸ்ல இருந்தேன் சார்."

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை, ஜீப்பைப் பார்த்து நடந்தார். டிரைவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வண்டியில் போகும்போது உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று எங்களிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனான். திங்கட்கிழமை விசாரித்தேன். "வாயே வரலண்ணே" என்றான் அந்த ஈ புகாத வீரன்.

உத்தரவு வந்தது. நண்பன் கையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையுமாகப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றான். சென்னை போய் அங்கிருந்து ரயில். மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், மனைவிக்குப் பள்ளிக்கூடம், வீட்டு வாசலிலேயே வழியனுப்பிவிட்டார்களாம். வழியனுப்ப நான் மட்டும். கண்டக்டர் "திண்டிவனம், தாம்பரம், கோயம்பேடு" என்று கூவிக்கொண்டிருந்தார். அவன் பையைத் தூக்கி மேலே வைத்தேன்.

"மீனு கீனு நல்லா கெடைக்குமாம் அங்க."

"ம்."

"மாசத்துக்கு ஒரு தடவ வந்துடு."

"ம். அடுத்த வருசம் என் எடத்துல யாரு?"

"டிரைவர ரைட்டுக்கு மாத்தலாம்னு பேசிக்கிறாங்க. என்ன சொல்ற?"

பஸ் உறுமியது. அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நல்லா ஆடுவான் அவன். ஆனா என்னை மாதிரி வராது. யாருக்கும் வராதுய்யா. சரி, நீ கெளம்பு."