பீச்சாங்கை சொன்ன மைனஸ்

ஹபீபா தாராவித் தோல் தொழிலாளி ஒருவரின் மகள். பி.எஸ்ஸி. கணிதம். மாட்டுங்காவில் ஒரு இன்ஜினியரிங் ஆபீஸ் அவளை நாலு வருஷம் டைப் அடிக்கவே வைத்திருந்தது. எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. யார் வேலை போகுமோ என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஹபீபாவுக்கு அன்றுதான் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது. மேனேஜர் மட்டும் சொல்லி வைத்தார்: "ஒரே ஒரு தப்பு, மறுபடி டைப்ரைட்டர்தான்."

அன்றைய வேலை ஒரு கிரேனின் இரும்புத் தண்டு. தண்டின் நீளத்தையும் திசையையும் சொல்ல மூன்று எண், அதை இழுக்கும் விசைக்கு மூன்று எண். இந்த இரண்டு வெக்டரையும் கணக்கு சாஃப்ட்வேரில் கொடுத்தால் கிராஸ் பிராடக்ட் என்ற பெருக்கல் விடை வரும். தண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதன் பிளஸ், மைனஸ் சொல்லும். அந்தப் பக்கம்தான் தடுப்புத் தகடு பற்றவைக்க வேண்டும். தண்டுக்கு முன்னால் விசையைக் கொடுத்துவிட்டால் பிளஸ் மைனஸாகி எல்லாம் தலைகீழ். பிளஸ் வந்தது. வரைபடம் தாராவியில் வெயிலுமுத்துவின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டது.

மதியம் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்தபடியே, சும்மா விரலால் சரிபார்த்தாள். விரல்களைத் தண்டின் திசையில் நீட்டி விசையின் பக்கம் மடக்கினால், கட்டைவிரல் விடை காட்டும்: மேலே என்றால் பிளஸ், கீழே என்றால் மைனஸ். அது கீழே பார்த்தது.

மைனஸ்!

சோற்றை விட்டு எழுந்தவள் ரயில் பாலம் ஏறி ஓடினாள். இரும்பில் பற்றவைத்ததை ரப்பர் போட்டு அழிக்க முடியாது.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! தகடு மறுபக்கம்!"

வெயிலுமுத்து முகமூடியைத் தூக்கினார். "இன்னும் தொடல தாயி. எதுக்கு இந்த ஓட்டம்?"

"வரிசைய மாத்திக் குடுத்துட்டேன். இங்க பாருங்க." இடது கையை நீட்டி மடக்கிக் காட்டினாள்.

அவர் பார்த்தது அவளுடைய வலது கையை. குழம்பு காய்ந்து, நகத்தில் ஒரு பருக்கை.

"அது கெடக்கட்டும். கையக் கழுவாமயா பாலம் ஏறி வந்த?"

ஹபீபா குனிந்து பார்த்தாள். பாடத்தில் சொன்னது வலது கை. அது அப்போது சோற்றில் இருந்தது.

"யா அல்லா! பீச்சாங்கையில பாத்திருக்கேன் அண்ணாச்சி!"

டிரம்மில் தண்ணீர் மொண்டு கழுவினாள். ஈரக்கையை நீட்டினாள், மடக்கினாள். கட்டைவிரல் மேலே. இன்னொரு தடவை. மேலேதான். கம்ப்யூட்டர் சொன்ன அதே பிளஸ். வரிசை மாறவில்லை. டைப்ரைட்டரும் இல்லை.

"அப்ப தகடு?"

"வரைஞ்ச எடத்துலயே வைங்க." அப்போதுதான் அவளுக்கு மூச்சே சரியாக வந்தது.

"மிஷினு தப்பு பண்ணாதுல்லா தாயி. அதுக்குச் சோறு திங்க வேண்டாம் பாரு."

"மீன்குழம்பு ருசியும் அதுக்குத் தெரியாதுல்லா!"

முகமூடி இறங்கியது. பொறி பறந்தது. ஹபீபா மீதிச் சோற்றுக்கு மெதுவாக நடந்தே போனாள்.